ஷாட் ஷோவில் வந்த புதுச் சாமான்களில் எதற்குப் பணம் போடலாம்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவரிடம் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவைச் சுடும் ரைபிள் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஓராண்டாகத் துல்லிய ரைபிள் போட்டிகளில் சுடுகிறார். மதிப்பெண் பட்டியலின் நடுவில் நிற்கிறார். ஷாட் ஷோ கண்காட்சியில் காட்டப்பட்ட பைபாட் (ரைபிளின் முன்னால் மாட்டும் இருகால் தாங்கி), சேசிஸ் (ரைபிளின் உலோக உடல்), ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), ராடார், ரைபிளைத் தாங்கும் பை, டிரைபாட் (முக்காலி) படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "1,500 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எதை வாங்கினால் இலக்கில் கூடுதலாகப் படும்?" என்று கேட்கிறார்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டின் வேகத்தை அளக்கும் சிறு ராடார் ஒன்று, கனமாக நிரப்பிய பை ஒன்று, ஒரு சாதாரணக் காற்றுமானி, மிச்சப் பணத்துக்குத் தோட்டா. பைபாட், சேசிஸ், ஸ்கோப் மூன்றும் இந்த ஆண்டு உங்களுக்கு வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கண்காட்சியில் எது உண்மையில் புதிது, எது பழையதற்குப் புதுச்சாயம் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அடுத்த ஜனவரியிலும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஷாட் ஷோ என்பது உங்களுக்கும் எனக்கும் நடத்தப்படும் சந்தை அல்ல. அமெரிக்கத் துப்பாக்கித் தொழில்துறையின் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப். 1979-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய வணிகக் கண்காட்சி அது. 2010 முதல் லாஸ் வேகஸில் ஜனவரி மாதத்தில் நடக்கிறது. கொரோனா காரணமாக 2021-இல் மட்டும் நடக்கவில்லை. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. கடைக்காரர்கள் அந்த ஆண்டுக்கான கொள்முதலைப் பேசி முடிக்கும் இடம் அது. ஆகவே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கே வைக்க 'புதிது' என்று ஏதாவது ஒன்று வேண்டும். சொல்லத்தக்க கண்டுபிடிப்பு எதுவும் அந்த ஆண்டில் இல்லையென்றால் பழைய பைபாடுக்குப் பழுப்பு நிறம் அடிக்கப்படும். ஜனவரியில் மேடையேறியது செப்டம்பரில்தான் கடைக்கு வரும் என்பதும் வாடிக்கை. படத்தைப் பார்த்து முன்பதிவு செய்துவிட்டு ஒரு போட்டிப் பருவம் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நானே.

இரண்டு முறை வேலை நிமித்தமாக அந்த அரங்குக்குள் நடந்திருக்கிறேன். அங்கே இருக்கும் துப்பாக்கிகளில் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்காக ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். மேசையில் கிடக்கும் ரைபிளை எடுக்கிறோம், போல்ட்டை இழுத்துத் தள்ளுகிறோம், டிரிக்கரை அழுத்துகிறோம், 'அடடா, வெண்ணெய்!' என்கிறோம். ஊசியும் அதன் சுருள்வில்லும் இல்லாத போல்ட் வெண்ணெயாக வழுக்காமல் வேறென்ன செய்யும்? ஸ்கோப்பின் கதை இன்னும் வேடிக்கை. நூறு பேர் நூறு ஸ்கோப்புகள் வழியாக ஒரே பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்: அரங்கின் மறுகோடியில் எரியும் 'வெளியே செல்லும் வழி' பலகை. அதன் எழுத்துகள் எந்த ஸ்கோப்பிலும் பளிச்சென்றுதான் தெரியும். மங்கும் வெளிச்சம், கானல், பின்னுதைப்புக்குப் பிறகு கண் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்ற சோதனை, இவற்றுக்கெல்லாம் அந்தக் கூரையின் கீழ் இடமில்லை. கண்காட்சிக்கு முந்தைய நாள் போல்டர் சிட்டி பாலைவனத்துச் சுடுதளத்தில் சுட்டுப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அங்கே போனவர்கள் எழுதுவதை மட்டும் நான் இரண்டாம் முறை படிக்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆயிரம் மீட்டரில் அரை மீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள இரும்புத் தகடு தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) போட்டிக் குண்டு, நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. நடுவில் குறி வைத்தால் எந்தப் பக்கமும் 25 சென்டிமீட்டர் வரை பிழை செய்யலாம், தகடு மணியடிக்கும். தூரத்தை 10 மீட்டர் தவறாக எடுத்தால் குண்டு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போகும். வேகத்தில் நொடிக்கு 3 மீட்டர் வித்தியாசம் வந்தால் எட்டு சென்டிமீட்டர் அளவில் போகும். பக்கக்காற்றை நொடிக்கு ஒரே ஒரு மீட்டர் குறைத்து மதிப்பிட்டால் அரை மீட்டர் விலகும். கன்னத்தில் பட்டும் படாமலும் தடவிப் போகிற காற்று அது. அது ஒன்றே உங்களைத் தகட்டுக்கு வெளியே தள்ளிவிடும்.

இந்த மூன்று பிழைகளையும் கண்காட்சியின் மேல் விரித்துப் பாருங்கள், பாதி அரங்கு காலியாகிவிடும். தூரம்: பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைபிள் சீரீஸ் என்ற போட்டித் தொடர்) பாணிப் போட்டிகளில் பெரும்பாலும் அமைப்பாளர்களே தூரத்தை அளந்து தாளில் எழுதித் தந்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் லேசர் தூரமானி பைனாகுலர் வேட்டைக்காரருக்கு அவசியம், உங்களுக்கு அலங்காரம். வேகம்: இதைப் பணம் கொடுத்துத் தீர்க்கலாம், அதுவும் இப்போது மலிவாக. காற்று: இதைத் தீர்க்க ஒரு கடையும் இன்னும் திறக்கவில்லை. நான்காவதாக, எண்ணில் அடங்காத ஒன்று இருக்கிறது: மரத்தடுப்பின் மேல் ரைபிளை வைத்துவிட்டு நீங்கள் எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பது.

வேகத்தை எடுத்துக்கொள்வோம்; கடந்த பத்தாண்டில் இந்த விளையாட்டில் நேர்ந்த உண்மையான மாற்றம் இங்கேதான் இருக்கிறது. முன்பு வேகம் அளக்க வேண்டுமென்றால் சுடுதளத்தில் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைக்கும்வரை காத்திருந்து, மூன்று நான்கு மீட்டர் முன்னால் போய் ஒரு பெட்டியை நட்டு, அதன் மேல் வெளிச்சம் சீராக விழக் கம்பிகளையும் வெள்ளைத் தகடுகளையும் செருக வேண்டும். மேகம் மறைத்தால் எண் மாறும். கை கொஞ்சம் தாழ்ந்தால் பெட்டிக்கே குண்டு. பிறகு குழலின் வாயில் கட்டும் காந்தக் கருவி வந்தது. அது நன்றாக அளந்தது, ஆனால் குழல்மேல் ஒரு கனத்தைத் தொங்கவிட்டதால் குண்டு விழும் இடம் மாறியது. வேகத்தையும், குண்டுகள் எவ்வளவு நெருக்கமான குழுவாக விழுகின்றன என்பதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதற்குப் பின் லேப்ரேடார் என்ற ஆரஞ்சுப் பலகை வந்தது. அது, குண்டில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு வேகம் அளக்கும் டாப்ளர் ராடார். குழலைத் தொடாது, முன்னால் போகவும் வேண்டாம். ஆனால் அதைத் துல்லியமாகக் குறி பார்த்து வைக்க வேண்டும், மின்கலத்தைத் தின்னும், தூக்கிச் செல்வதும் சுமை.

2023-இல் கார்மின் நிறுவனம் ஜீரோ சி1 புரோ என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கை அகலம். விலை 600 டாலர். அதையடுத்து அத்லான் போன்றவர்களும் அதே அளவில் ராடார் கொண்டுவந்துவிட்டார்கள். போட்டி வந்ததால் இனி விலை இறங்கும் திசைதான். மேசைமேல், குழலுக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயர முக்காலியில் வைத்துச் சுடும் திசைக்குத் திருப்பினால் போதும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு எண் எழுந்து நிற்கும்.

அந்த எண் என்ன செய்கிறது என்று பக்கத்தில் வந்து பாருங்கள். தோட்டாப் பெட்டியில் நொடிக்கு 2,700 அடி என்று அச்சிட்டிருக்கிறது. அது அவர்கள் தங்கள் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழலில் அதே தோட்டா 2,640 அடியில் போகலாம். குழலின் நீளம், உள்ளே இருக்கும் வெட்டு, சூடு எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். நீங்களோ குண்டின் பாதையைக் கணக்கிடும் கைபேசிக் கணிப்பானில் 2,700 என்று போட்டிருக்கிறீர்கள். 400 மீட்டர் வரை ஒன்றும் தெரியாது, தகடுகள் மணியடித்துக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டரில் அதே 60 அடி, ஏறக்குறைய அரை மீட்டர் பள்ளமாகிவிடும். ஓராண்டாக உங்கள் தொலைதூரத் தகடுகள் ஏன் ஒலிக்கவில்லை என்பதற்குப் பதில் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணாகத்தான் இருக்கும். பத்துத் தோட்டா சுட்டுச் சராசரி எடுங்கள். மூன்று சுட்டுவிட்டு 'என் தோட்டாவில் வேறுபாடே இல்லை' என்று பெருமைப்படாதீர்கள், அது தற்செயல். குளிர்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், வெடிமருந்து வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும்.

ராடாரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கிளைக்கதை. டாப்ளர் ராடார், தோட்டா தயாரிப்பாளர்களின் சோதனைக்களத்தில் மட்டும் இருந்த நாளில் ஹார்னடி நிறுவனம் ஒரு விநோதத்தைக் கவனித்தது: பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகள் நெடுந்தூரத்தில் கணக்குக்கு மாறாக வேகம் இழந்தன. காற்று உராய்வின் சூட்டில் முனை உருகிக் குண்டின் வடிவமே மாறியதுதான் காரணம் என்று கண்டார்கள். வெப்பம் தாங்கும் முனையோடு 2015-இல் இ.எல்.டி. வரிசைக் குண்டுகள் வந்தது அதன் விளைவு. அன்றைக்குப் பெருநிறுவனம் தன் குண்டைத் திருத்திக்கொள்ள உதவிய அதே வகை அளவை இன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறோம். கண்காட்சி அரங்கில் நான் வாய் பிளந்து நின்ற பொருள்கள் மிகச் சில. அதில் இது ஒன்று.

காற்றுக்கு வருவோம். அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் கணிப்பான் உள்ளே வைத்த கெஸ்ட்ரல் 5700 எலைட் அருமையான கருவி. வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் அனைத்தையும் தானே எடுத்து விடை தரும். ஆனால் உங்கள் ஒதுக்கீட்டில் பாதி அதற்கே போய்விடும். விசிறி மட்டும் உள்ள எளிய காற்றுமானி நூறு டாலர் அளவில் கிடைக்கிறது. கணக்கைக் கைபேசியில் ஹார்னடியின் இலவசச் செயலியே செய்யும். எப்படியும் அந்த விசிறி உங்கள் முகத்தருகே வீசும் காற்றைத்தான் அளக்கும். 600 மீட்டருக்கு அப்பால் ஓடையின் மேல் வீசும் காற்றைக் கோரைப்புல்லின் சாய்விலும் ஸ்கோப்பில் ஓடும் கானலிலும்தான் படிக்க வேண்டும். கானல் நேராகக் கொதித்தால் காற்று நின்றிருக்கிறது அல்லது உங்கள் எதிரே, பின்னே வீசுகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் அந்தப் பக்கம் போகிறது. காற்றுமானியை நான் பயன்படுத்துவது என் ஊகத்தைத் திருத்திக்கொள்ளத்தான்: முதலில் 'இது மூன்று மீட்டர்' என்று வாய்விட்டுச் சொல்வேன், பிறகுதான் கருவியைப் பார்ப்பேன். ஆறு மாதத்தில் வாய் பிழையாகச் சொல்வது குறைந்துவிடுகிறது.

அடுத்தது நிலை. இந்தப் போட்டிகளில் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 90 முதல் 120 விநாடி. எட்டு முதல் பத்துத் தோட்டா. அதற்குள் ஏணி, குழாய், டயர், மரத்தடுப்பு என்று நாலைந்து இடம் மாற வேண்டும். படுத்துச் சுடும் சுற்று கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். எனவே பைபாடைவிடப் பைதான் அதிகம் வேலை செய்கிறது. அர்மகெடன் கியர் நிறுவனத்தின் கேம் சேஞ்சர் பை வந்த பிறகு மற்றவர்கள் அனைவரும் அதே உருவத்தில் தைக்கிறார்கள்: தடுப்பின் இருபுறமும் தொங்கும் இரண்டு காது, நடுவில் ரைபிள் உட்காரும் பள்ளம். கண்காட்சியில் புதுப்புது நிறமும் புதுப்புதுத் துணியும் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று துணி: மெழுகு ஏற்றிய கித்தான் தகரக் குழாய்மீது வழுக்காது, நைலான் வழுக்கும். இன்னொன்று உள்ளே இருப்பது: இலேசான பிளாஸ்டிக் மணியா, மணலா? தூக்கும்போது பிளாஸ்டிக் மணி சுகம். சுடும்போது மணல் சுகம். பை தடுப்போடு ஒட்டிக்கொண்டு, ரைபிளின் துள்ளலை விழுங்கிவிடும். ஓடிக்கொண்டே இடம் மாறுவது சில விநாடி, குறி பார்ப்பது பல விநாடி. நான் மணலைத்தான் சொல்வேன்.

பையின் மேல் ரைபிளை வைத்து இரண்டு கைகளையும் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் கவிழ்கிறதா, பின்பக்கம் சாய்கிறதா? தராசு முள்போல நின்றால் உங்கள் தசைக்கு வேலையில்லை. கவிழ்ந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் உங்கள் கை அதைத் தாங்கிப் பிடிக்கிறது, குறி நடுங்குகிறது. சேசிஸ்களுக்கு உள்ளே திருகும் எஃகுக் கட்டிகள் எல்லாம் இந்தச் சமநிலைப் புள்ளியை மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் பெட்டிக்கு) சற்று முன்னால் கொண்டுவருவதற்காகத்தான். எட்டு, பத்து கிலோ ரைபிள்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கனம் கூடினால் பின்னுதைப்பு குறையும், தன் குண்டு எங்கே விழுந்தது என்று சுட்டவரே ஸ்கோப்பில் பார்க்கலாம், அடுத்த குண்டைத் திருத்தலாம்.

ரைபிளின் அடியில் ஓடும் ஆர்கா தண்டவாளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது நிழற்படக்காரர்களிடமிருந்து வந்தது. ஆர்கா சுவிஸ் நிறுவனம் கேமராவை முக்காலியில் பொருத்த வைத்த சரிவுப் பள்ளம் அது. ரைபிள்காரர்கள் அதை இரவல் வாங்கி, பைபாடையும் டிரைபாடையும் வேண்டிய இடத்துக்கு நகர்த்தப் பயன்படுத்துகிறார்கள். நல்ல யோசனை, ஒரு சிக்கலோடு: அளவு ஆளுக்கு ஆள் மயிரிழை மாறும். ஒரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் 'டக்' என்று பூட்டும் நெம்புகோல், இன்னொன்றின் தண்டவாளத்தில் மூடாது, அல்லது மூடியும் ஆடும். உங்கள் ரைபிளில் ஒன்று, பைபாடில் ஒன்று என்று வெவ்வேறு இடத்தில் வாங்கினால் நெம்புகோல் வேண்டாம், திருகிப் பூட்டும் வகையை எடுங்கள். மெதுவாகத்தான் பூட்டும், ஆனால் எதையும் பிடிக்கும். கார்பன் டிரைபாட் அடுத்த ஆண்டுக் கனவாக இருக்கட்டும். போட்டியில் சக வீரர்கள் இரவல் தருவார்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

பைபாடில் சொல்ல அதிகம் இல்லை. உங்களிடம் ஹாரிஸ் நிறுவனத்தின் பைபாட் இருக்கிறது என்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். அட்லஸ், எம்.டி.டி.யின் ஸ்கை பாட் இரண்டும் உயர்ந்த பொருள்கள்தான். கால் நீளம் அதிகம், அகல விரியும். அந்த வசதியால் உங்களுக்கு ஒரு போட்டியில் ஒரு தகடு கூடலாம். அறுநூறு டாலருக்கு ஒரு தகடு என்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

சேசிஸைப் பொறுத்தவரை, இன்று எல்லா நிறுவனமும் தங்கள் மேகசினை 'ஏ.ஐ. வகை' என்று சொல்கின்றன அல்லவா? பிரிட்டனின் அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனம் கொடுத்த அச்சு அது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர். 1984-லும் 1988-லும் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்றுநிலை ரைபிளில் தங்கம் வென்றவர். அதே போல, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறிகளான ஆக்‌ஷன்களில் 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் அடித்தளம் பொது அச்சாகிவிட்டது. டிரிக்கர், ஸ்டாக், சேசிஸ் எல்லாம் அதற்கேற்ப வார்க்கப்படுகின்றன. இந்தப் பொது அச்சு இருப்பதால்தான் உங்கள் ரைபிளைத் துண்டு துண்டாக மேம்படுத்த முடிகிறது. ஆகவே சேசிஸ் எங்கேயும் ஓடிப் போகாது. இப்போதைக்கு ஸ்டாக்கின் கன்னத்தாங்கி உயரம் உங்கள் கண்ணுக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, திறந்ததும் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும்.

தோட்டா விஷயத்தில் கண்காட்சி ஆண்டுக்கு ஒரு குழந்தை பெற்றுக்கொண்டே இருக்கிறது. 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த உங்கள் 6.5 கிரீட்மோர், நியூயார்க்கில் இருந்த 1870-களின் பழைய கிரீட்மோர் சுடுதளத்தின் பெயரைத் தாங்கியது. அதன் பிறகு 6.5 பி.ஆர்.சி., 6 மி.மீ. ஏ.ஆர்.சி., 7 மி.மீ. பி.ஆர்.சி., 22 ஏ.ஆர்.சி., 25 கிரீட்மோர் என்று வரிசை நீள்கிறது. போட்டியில் முன்னணியில் நிற்பவர்கள் 6 டாஷர், 6 ஜி.டி. போன்ற சிறுதோட்டாக்களுக்குப் போய்விட்டார்கள் என்பது உண்மை. பின்னுதைப்பு குறைவு, குண்டு விழுவதைப் பார்க்கலாம். ஆனால் அதில் பெரும்பாலானோர் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள். கடைத்தோட்டா வாங்கும் உங்களுக்கு 6.5 கிரீட்மோரைப் போல எங்கேயும் கிடைக்கும் போட்டித் தோட்டா வேறில்லை. குழலும் இரண்டாயிரம் தோட்டாவுக்கு மேல் தாங்கும். அது தேய்ந்த பிறகு புதுக்குழலை எந்தத் தோட்டாவுக்கு வெட்டுவது என்று யோசிக்கலாம்.

வெடிச்சத்தத்தைக் குறைக்கும் சப்ரசர் வேறு கதை. 1934-இன் அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவும் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன. அதைத் தடைசெய்த மாநிலங்களில் தடையும் இருக்கிறது. முப்பரிமாண அச்சில் டைட்டானியத்தை அடுக்கி உள்ளறைகளைச் செய்கிறார்கள். பழைய கடைசலில் செய்ய முடியாத வளைவுகள் அவை. காதுக்கு நல்லது, பக்கத்தில் இருப்பவருக்கும் நல்லது. அதற்குப் பதிலாகக் குழல் வாயில் மாட்டும் பிரேக் பின்னுதைப்பை இன்னும் நன்றாகக் குறைக்கும், ஆனால் அதன் தூசியும் அதிர்வும் பக்கத்தாரின் முகத்தில் அறையும். சப்ரசர் போட்டாலும் காதடைப்பான் கழற்றாதீர்கள். ஐந்தாவது தோட்டாவுக்குப் பிறகு சூடேறிய சப்ரசரின் மேலிருந்து கானல் எழுந்து ஸ்கோப்பை மறைக்கும். அதற்கு ஓர் உறை வேண்டும் என்பதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கண்காட்சியில் 22 எல்.ஆர். என்ற சிறு தோட்டாவைச் சுடும் துல்லிய ரைபிள்களுக்கு ஒதுக்கும் இடம் பெருகிவருகிறது. வூடு, சி.இசட்., பெர்காரா எல்லாரும் பெரிய ரைபிளின் அச்சிலேயே சிறிய ரைபிள் செய்கிறார்கள். அந்தக் குண்டு ஒலிவேகத்துக்குக் கீழே போகும். காற்று அதை நன்றாகத் தள்ளும். 200 மீட்டரில் அது கற்றுத் தரும் காற்றுப் பாடம், பெரிய ரைபிள் ஆயிரம் மீட்டரில் தரும் பாடத்தின் சுருக்கம். தோட்டாவோ பல மடங்கு மலிவு. நண்பர் யாரிடமாவது இருந்தால் ஒரு மாதம் கேட்டு வாங்கிச் சுடுங்கள்.

ஆக, ராடாருக்கு 600, பைக்கு 150, காற்றுமானிக்கு 100, திருகை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சுக்கு 60 டாலர் அளவில் வைத்தால் ஏறக்குறைய 590 மிஞ்சும். போட்டித் தோட்டா ஒன்று இரண்டு டாலர் என்றாலும் 290-க்கு மேல் கிடைக்கும்.

டார்க் ரெஞ்சைக் கேலியாகச் சேர்க்கவில்லை. இரண்டாண்டுக்கு முன் ஒரு போட்டியில் காலை முதல் சுற்றிலேயே என் குண்டுகள் இடது பக்கம் போயின. காற்று என்று நினைத்து வலப்பக்கம் பிடித்தேன். அடுத்த சுற்றில் வலப்பக்கமாகத் தாண்டிப் போனது. குழல் கெட்டுவிட்டது, தோட்டா சரியில்லை, டிரிக்கர் கனம் என்று மதியம் வரை ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அன்று கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது. மதிய உணவு வேளையில் ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தால், அதைத் தாங்கும் வளையம் தண்டவாளத்தின் மேல் நகர்ந்தது. முந்தின வாரம் நானே கையளவில் இறுக்கிய திருகு. தயாரிப்பாளர் இன்ச் பவுண்டில் அச்சிட்டுக் கொடுத்த அளவைப் படிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

ஸ்கோப்பை மாற்றும் ஆசை மட்டும் உங்கள் கேள்வியில் மூன்று முறை எட்டிப் பார்க்கிறது. நைட்ஃபோர்ஸ், லியூபோல்ட், வோர்டெக்ஸ் எல்லாரும் காட்டியவை நல்ல கண்ணாடிகள்தான். ஆனால் வாங்கும் முன் உங்கள் பழைய ஸ்கோப்புக்கு ஒரு சோதனை வையுங்கள். மிகச் சரியாக 100 மீட்டரில் உயரமான அட்டை ஒன்றை நிறுத்துங்கள். தூக்குநூல் கட்டி, அதன் நேரே செங்குத்தாக ஒரு கோடு. கீழே ஒரு புள்ளி. ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிகிளின் நெடுங்கோடு அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்கூட ஆயிரம் மீட்டரில் 17 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். புள்ளியில் ஐந்து குண்டு சுடுங்கள். பிறகு மேல்திருகை 10 மில் (100 மீட்டரில் ஒரு மில் என்பது 10 சென்டிமீட்டர்) ஏற்றி, குறியை அதே கீழ்ப்புள்ளியில் வைத்தே இன்னும் ஐந்து. இரண்டு குழுக்களின் நடுவுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும். 98 சென்டிமீட்டர் இருந்தால் உங்கள் ஸ்கோப் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு இரண்டு குறைவாக ஏறுகிறது. அந்த இரண்டு விழுக்காட்டைத் திருத்தமாகப் போட நல்ல கணிப்பான்களில் தனி இடம் உண்டு. அங்கே அந்த எண்ணை எழுதிவிட்டு அதே ஸ்கோப்போடு அடுத்த பருவத்தையும் சுடலாம். திருகைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகு குண்டு பழைய புள்ளிக்குத் திரும்பவில்லை என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது ஸ்கோப்பைப் பற்றிப் பேசுவோம்.